பழைய பிக்கப் வண்டியில் புரியாத மின்கோளாறுகள்: தேடுவது எப்படி, எங்கிருந்து தொடங்குவது?

பிரேக்கை மிதித்தால் மீட்டர் போர்டில் விளக்கு எரிகிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது. எஞ்சின் சூடாகாதபோதும், ஹெட்லைட்டைப் போட்டவுடன் வெப்பத்தைக் காட்டும் முள் மேலே ஏறுகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் செல்ஃப் எடுப்பதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் காய்கறியும் செங்கல்லும் மீனும் சுமந்து ஓடிய பிக்கப் வண்டியை வைத்திருப்பவருக்கு இவற்றுள் ஒன்றேனும் பழக்கப்பட்டதாகவே இருக்கும். கைமாறி வந்த வண்டியைப் புதிதாக வாங்கியவருக்கோ இவை பேய் பிடித்த வேலைகளாகத் தோன்றும். முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழத்தை மாற்றிக் கட்டிப் பார்ப்பவர்களும் உண்டு.

ஆனால், சாதாரணமாக எரியாமல் போன விளக்கைவிட, இப்படி விசித்திரமாக நடந்துகொள்ளும் விளக்கின் கோளாற்றைக் கண்டுபிடிப்பதுதான் எளிது என்பது என் அனுபவம். எரியாத விளக்கு எதையும் சொல்வதில்லை. எரியக் கூடாத நேரத்தில் எரியும் விளக்கோ மின்சாரம் எந்த வழியாகத் திசைமாறிப் போகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

டாடா 207, மஹிந்திரா பொலேரோ பிக்கப், நம் ஊரில் ‘குட்டியானை’ என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் ஆகியவற்றின் பழைய மாடல்களைப் போல, 12 வோல்ட் பேட்டரியும் மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் எஞ்சினும் கொண்ட வண்டிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். டீசல் செலுத்துவதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் எஞ்சின் உள்ள வண்டிகளில் சென்சார் கோளாறுகளைப் பார்க்க ஸ்கேனர் வேண்டும். எனினும் பேட்டரி, எர்த், விளக்குகள் பற்றிக் கீழே சொல்லியிருப்பவை அவற்றுக்கும் பொருந்தும்.

மின்சாரம் போகும் வழியும் திரும்பும் வழியும்

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் ஃபியூஸ், சுவிட்சு, ஒயர் வழியாகச் சென்று பல்பில் வேலை செய்துவிட்டு, மீண்டும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பியாக வேண்டும். வீட்டில் போகவும் வரவும் தனித்தனி ஒயர் இருக்கிறது. வண்டியில் போவதற்கு மட்டுமே ஒயர். திரும்புவதற்குப் பெரும்பாலும் சேசிஸும் கேபினின் தகடும்தான் வழி. இந்தத் திரும்பும் வழியைத்தான் பட்டறையில் எர்த் என்கிறார்கள். இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் துரு, பெயிண்ட், சேறு ஆகியவை புகுந்துகொண்டால் அந்த வழி அடைபடுகிறது. அடைபட்ட மின்சாரம் நின்றுவிடுவதில்லை. வேறொரு பல்பின் இழை, வேறொரு மீட்டர், சில சமயம் ஆக்சிலரேட்டர் கேபிள் என்று எது கிடைத்தாலும் அதன் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஆகவே தேடலை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: எரிய வேண்டியது எரியவில்லை என்றால் முதலில் போகும் வழியைப் பாருங்கள், எரியக் கூடாதது எரிந்தால் முதலில் திரும்பும் வழியைப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். அதோடு ஒரு டெஸ்ட் லாம்ப் வேண்டும். அதை விலைக்கு வாங்குவதைவிட, பிரேக் லைட்டில் போடும் 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, இரண்டு ஒயர்களின் முனையில் கிளிப் போட்டு நீங்களே செய்துகொள்வது மேல். கடையில் விற்கும் ஸ்க்ரூ டிரைவர் வடிவ டெஸ்டருக்குள் இருக்கும் குட்டிப் பல்பு, ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயரிலும் பளிச்சென்று எரிந்து ஏமாற்றும். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 2 ஆம்பியர் கேட்பதால் அதை ஏமாற்ற முடியாது. உப்புத்தாள், கம்பி பிரஷ், வாசலின், 10, 13 அளவு ஸ்பேனர்கள், உதிரி ஃபியூஸ்கள், ஐந்து மீட்டர் நீள ஒயர் ஒன்று, ஒரு நோட்டு ஆகியவையும் இருக்கட்டும். எதைக் கழற்றுவதற்கு முன்பும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் மோதிரம், கைச்சங்கிலி, இரும்புப் பட்டையுள்ள கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் விரலோடு சேர்ந்து பழுக்கும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுத்து, மாட்டும்போது அதையே கடைசியாகப் போடுங்கள். பேட்டரிக்குள்ளிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அதன் அருகே பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது.

முதலில் கேள்விகள்

கோளாறு எப்போது தொடங்கியது, அதற்கு முந்தைய வாரத்தில் வண்டியில் என்ன வேலை நடந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டால் பாதித் தேடல் மிச்சமாகும். வாட்டர் சர்வீஸ் விட்டார்களா? பாடியில் வெல்டிங் வைத்தார்களா? புதிய ஹாரன், ஸ்டீரியோ, ரிவர்ஸ் பஸ்ஸர், கடன் கொடுத்த நிறுவனம் பொருத்தச் சொன்ன ஜிபிஎஸ் கருவி ஏதேனும் மாட்டப்பட்டதா? டேஷ்போர்டில் சாமி படத்தைச் சுற்றி ஓடும் சீரியல் லைட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று நான் எப்போதும் பார்ப்பதுண்டு. பக்தியில் குறையில்லை, ஆனால் கைக்கு எட்டிய ஏதோ ஒரு ஒயரைப் பிளேடால் சீவி முறுக்கிவிட்டிருப்பார்கள், அந்த ஒயர் இண்டிகேட்டருடையதாகவோ மீட்டருடையதாகவோ இருக்கும்.

வெல்டிங் பற்றித் தனியாக ஒரு சொல். பாடி கட்டும் இடங்களில் பேட்டரியைக் கழற்றாமலே ஆர்க் வெல்டிங் வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த மின்சாரம் பேட்டரி ஒயர் வழியாக, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவுக்குள் (ஆல்டர்னேட்டர்) போய், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் அதன் டயோடுகளைக் கெடுக்கக்கூடும். வெல்டிங்குக்கு முன் நெகட்டிவ் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள்.

பேட்டரியும் டைனமோவும்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனெனில் பலவீனமான பேட்டரி வண்டியின் மற்ற எல்லாப் பாகங்களையும் பொய் சொல்ல வைக்கும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, பேட்டரியின் ஈய முனைகளிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி. அடுத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி அதே இடத்தில் பாருங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது அதன் ஆயுள் முடிந்துவிட்டது. மூடி திறக்கும் வகைப் பேட்டரியானால் ஆசிடின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களையும் தனித்தனியே அளந்து, ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அப்படி ஒரு செல் செத்திருந்தால், எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பேட்டரி தேறாது.

முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடாவால் கழுவித் துடைத்து, முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். வாசலினை உள்ளே தடவிவிட்டு மாட்டுவது தவறு.

இனி எஞ்சினை ஓட்டிச் சற்று ரேஸ் செய்து அதே இடத்தில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே இறங்காவிட்டால் டைனமோ நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். 15-ஐத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் கெட்டிருக்கிறது. அடிக்கடி பல்பு ஃபியூஸ் ஆவதும் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் இதன் அடையாளங்கள். ஓடும்போதும் 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். பெல்ட் தளர்வு, தேய்ந்த கார்பன் பிரஷ் ஆகியவற்றைப் பார்க்குமுன், சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பல பழைய டைனமோக்களில் அந்தச் சிறு பல்பின் வழியாகப் போகும் மின்சாரம்தான் சார்ஜைத் தொடங்கி வைக்கிறது. பல்பு போய்விட்டால் சார்ஜ் ஏறாது, அல்லது எஞ்சினை நன்றாக ரேஸ் செய்த பிறகே ஏறத் தொடங்கும். பத்து ரூபாய்ப் பல்பு ஒன்று போனதற்காக டைனமோவை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். நம் டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கான வேக்வம் பம்ப் டைனமோவின் பின்னாலேயே பொருத்தப்பட்டிருக்கும்; அதன் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிப் பிரஷ்களை நாசமாக்கும். டைனமோவின் பின்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் பிரஷ் மட்டும் மாற்றுவது வீண்செலவு.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்த்து டைனமோவைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மெக்கானிக்கல் பம்ப் டீசல் எஞ்சினில் இந்தச் சோதனை பெரும்பாலும் எதையும் நிரூபிப்பதில்லை. கழற்றிய நொடியில் மின்னழுத்தம் பல மடங்கு எகிறி டயோடு, ஸ்டீரியோ, மீட்டர் எல்லாவற்றையும் சுட்டுவிடக்கூடும் என்பது மட்டும் நிச்சயம். உங்கள் வண்டியில் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள்.

எர்த்தை அளப்பது

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். பல்பு மங்கலாக எரிகிறது. ஹோல்டரிலிருந்து பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. மின்சாரம் சரியாகத்தான் வருகிறது, பல்பில்தான் கோளாறு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பாசி அடைத்திருந்தாலும், கீழே குழாயைத் திறக்காதவரை அழுத்தம் குறைவதில்லை. திறந்தால்தான் தண்ணீர் நூலாக ஒழுகுவது தெரியும். மின்சாரமும் அவ்வாறே. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது, அதாவது பல்பு எரியும்போதோ மோட்டார் சுற்றும்போதோ அளந்தால்தான் அடைப்பு வெளிப்படும்.

மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையிலேயே வைக்க வேண்டும். கிளாம்பில் வைத்தால் கிளாம்பின் கோளாறு தெரியாமல் போய்விடும். பின்விளக்கு வரை எட்டாது என்பதால் முன்பு சொன்ன ஐந்து மீட்டர் ஒயரை இங்கே பயன்படுத்திக்கொள்ளுங்கள். விளக்கை எரியவிட்டு, சிவப்பு முனையை அந்தப் பல்பு ஹோல்டரின் உலோக உடலில் வையுங்கள். திரும்பும் வழி நன்றாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால், பல்புக்குக் கிடைக்க வேண்டிய அந்த அளவு வழியில் எங்கோ துருவைச் சூடாக்குவதில் செலவாகிறது. இப்போது சிவப்பு முனையை ஹோல்டரிலிருந்து விளக்கின் தகட்டுக்கும், அதிலிருந்து எர்த் போல்ட்டின் தலைக்கும், பிறகு சேசிஸுக்கும், கடைசியாகப் பேட்டரி கிளாம்புக்கும் படிப்படியாக நகர்த்துங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் கோளாறு உட்கார்ந்திருக்கிறது. ஒயரிங் முழுவதையும் பிரித்துப் போடாமல் ஐந்து நிமிடத்தில் இடத்தைக் காட்டும் இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டால் போதும், பாதி எலக்ட்ரீஷியன் ஆகிவிடலாம்.

எஞ்சினுக்கும் இதே முறைதான். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மீது அமர்ந்திருப்பதால் அதற்கும் சேசிஸுக்கும் இடையே நேரடித் தொடர்பு கிடையாது. செம்புக் கம்பியைப் பின்னிய பட்டை ஒன்றோ தடித்த கேபிளோ அந்தத் தொடர்பைத் தருகிறது. சக்கரம் வாரியடிக்கும் சேற்றிலும் எஞ்சின் ஆட்டத்திலும் அது மெல்ல மெல்ல அறுபடும். அறுந்துவிட்டால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், கியர் லிவர் இணைப்புகள் வழியாகத் திரும்ப முயலும். செல்ஃப் அடித்ததும் ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறது, அதன் உறை உருகி இறுகிப்போகிறது என்றால் கேபிள் கம்பெனியைத் திட்ட வேண்டாம். எர்த் பட்டையைத் தேடுங்கள். எங்கள் வீட்டு வண்டியில் இதே கோளாற்றுக்காக முதலில் பேட்டரியை மாற்றினோம். பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஒரு பட்டறையில் புஷ், பிரஷ் எல்லாம் போட்டோம். இரண்டு மாதம் தள்ளியே ஸ்டார்ட் செய்தோம். கடைசியில் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தபோது, ஒரு முழம்கூட இல்லாத பட்டை நான்கைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

சோதிக்க, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தோ ஸ்டாப் சோலினாய்டின் ஒயரைக் கழற்றியோ வைத்துவிட்டு, கியர் நியூட்ரலில் இருப்பதையும் ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதையும் உறுதிசெய்துகொண்டு, ஒருவரைச் சில நொடிகள் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவேயும் அவ்வளவுதான் அனுமதி. இதைவிடச் சுலபமான வழியும் உண்டு: ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் மாட்டிச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். ‘டக் டக்’ என்று மட்டும் சத்தமிட்டுக்கொண்டிருந்த மோட்டார் உடனே உற்சாகமாகச் சுற்றினால் வேறு எதையும் தேட வேண்டாம்.

ஒன்றோடொன்று குழம்பும் விளக்குகள்

பின்விளக்கில் பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து 21/5 வாட் என்ற இரட்டை இழைப் பல்பு போடப்படுகிறது. இரண்டு இழைகளுக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் துருப்பிடித்துவிட்டால் பிரேக்கை மிதித்ததும் 21 வாட் இழைக்குள் வந்த மின்சாரம், திரும்ப வழியில்லாமல் 5 வாட் இழைக்குள் பின்னோக்கி ஏறி, பார்க்கிங் ஒயர் வழியாக முன்னால் வந்து, பார்க்கிங் பல்புகளிலும் மீட்டர் போர்டு பல்புகளிலும் எர்த்தைத் தேடிக்கொள்கிறது. பிரேக் மிதித்தால் மீட்டர் மங்கலாக எரியும் மர்மம் இவ்வளவுதான். இண்டிகேட்டரும் அதே தகட்டில் எர்த் ஆகியிருந்தால், அது மினுக்கும் தாளத்துக்குப் பிரேக் விளக்கும் ஆடும்.

பிக்கப் வண்டியின் பின்விளக்கைப் போல அடிபடும் பாகம் வேறில்லை. சேறு, வாட்டர் சர்வீஸ், லோடு ஏற்றும்போது படும் உதை எல்லாம் அதற்குத்தான். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற துறைமுகங்களிலிருந்து மீன் ஏற்றும் வண்டிகளில், ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் பின்பக்க ஒயரிங்கையும் சேசிஸ் முனையையும் விரைவாக அரித்துவிடும். ஹோல்டரையும் எர்த் போல்ட்டையும் பளபளக்கத் தேய்த்தும் மாதத்துக்கு ஒருமுறை அதே கோளாறு திரும்பி வந்தால், தகட்டை நம்புவதை விட்டுவிட்டு, இரு பின்விளக்குகளின் எர்த்தையும் ஒரு தனி ஒயரில் இணைத்துச் சேசிஸின் சுத்தமான இடத்தில் ஒரு போல்ட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நான் பார்த்தவரை நிரந்தரத் தீர்வு அது ஒன்றே.

எர்த் சரியாக இருந்தும் குழப்பம் தொடர்ந்தால் பல்பைக் கழற்றிப் பாருங்கள். இரட்டை இழைப் பல்பின் இரு ஆணிகளும் வெவ்வேறு உயரத்தில் இருப்பது தலைகீழாக மாட்டிவிடாமலிருக்கத்தான். அதை வலிந்து திருகி மாட்டியிருந்தால் பார்க்கிங் பளிச்சென்றும் பிரேக் மங்கலாகவும் எரியும். இரட்டைப் பல்பு கிடைக்காமல் ஒற்றை இழைப் பல்பை உள்ளே திணித்திருந்தால், அதன் ஒரே முனை ஹோல்டரின் இரு முனைகளையும் சேர்த்து இணைத்துவிடும்.

ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் உடனே 100 வாட் பல்பு வாங்கிப் போடுவது பெரும் தவறு. பல்புக்கு வரும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எனவே கோளாறு பல்பில் இல்லை, வழியில் இருக்கிறது. 60/55 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் வரை இழுக்கின்றன. ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்சு) இல்லாத பழைய ஒயரிங்கில் அத்தனையும் ஸ்டியரிங் அருகிலுள்ள சின்னச் சுவிட்சு வழியாகப் போகிறது; 100 வாட் போட்டால் அந்தச் சுவிட்சு உருகும். ரிலே ஒன்றைச் சேர்த்து, 30 என்று எண்ணிட்ட முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயரும், 87-லிருந்து ஹெட்லைட்டுக்கு ஒயரும், 86-க்குப் பழைய ஹெட்லைட் ஒயரும், 85-க்கு எர்த்தும் கொடுத்தால், பழைய பல்பே புதிய பல்பைப் போல எரியும். டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலே வேண்டும்.

மீட்டர்களைப் பற்றிச் சுருக்கமாக: ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் மீட்டர் போர்டின் எர்த் அல்லது எஞ்சின் எர்த், டீசல் முள் மட்டும் தாறுமாறாக ஆடினால் டாங்க் மேலுள்ள மிதவையின் எர்த் அல்லது மிதவையே. மீட்டர்களுக்குச் சீரான மின்னழுத்தம் தரும் ஸ்டெபிலைசர் வைத்த மீட்டர் போர்டுகளில் வெப்பமும் டீசலும் காட்டும் இரு முட்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அந்த ஸ்டெபிலைசரைச் சந்தேகிக்கலாம்.

இரவில் இறங்கும் பேட்டரி

மாலையில் நிறுத்திய வண்டி காலையில் செத்துக் கிடக்கிறது. பேட்டரியும் டைனமோவும் நன்றாகத்தான் இருக்கின்றன. அப்படியானால் ஏதோ ஒன்று இரவெல்லாம் மின்சாரத்தைக் குடிக்கிறது. அரை ஆம்பியர் என்பது பார்வைக்குச் சிறியது. ஆனால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி ஆகிறது. 75 ஆம்பியர்-மணிப் பேட்டரி மூன்று நாளில் பாதிக்கு வந்துவிடும்.

சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றுங்கள். கிளாம்புக்கும் முனைக்கும் நடுவே முதலில் டெஸ்ட் லாம்பை மாட்டுங்கள். பல்பு தெளிவாக எரிந்தால் கசிவு பெரியது. மீட்டரை மாட்டிச் சுட்டுக்கொள்ளாமல் இந்தப் பல்பை வைத்தே தேடலாம். எரியாவிட்டால் மட்டும் மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி அதே இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடக் காரணமே இல்லை. மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இனி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வரிசையில்தான் குற்றவாளி இருக்கிறான். எந்த ஃபியூஸுக்கும் மசியவில்லை என்றால், ஃபியூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரியில் மாட்டிய ஸ்டீரியோ, ஜிபிஎஸ் போன்றவற்றையும், டைனமோவின் தடித்த ஒயரையும் கழற்றிப் பாருங்கள். டைனமோவைக் கழற்றியதும் கசிவு நின்றால் டயோடு போயிருக்கிறது. பிரேக் சுவிட்சு ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் பிரேக் லைட் எரிவதும் உண்டு; இதற்கு மீட்டரே வேண்டாம், இருட்டிய பிறகு ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்தால் போதும்.

அடிக்கடி போகும் ஃபியூஸ்

ஃபியூஸ் மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருந்தால், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி வைப்பது ஒயரிங்கையே ஃபியூஸாக்குவதற்குச் சமம். அடுத்து எரிவது கேபினாக இருக்கும். தட்டை ஃபியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர் என்பதை நினைவில் வைத்து, முன்பு யாரேனும் பெரியதை மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷார்ட்டைத் தேட, போன ஃபியூஸின் இரு முனைகளிலும் உங்கள் 21 வாட் டெஸ்ட் லாம்பை மாட்டிவிடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது முழு வெளிச்சத்தில் எரியும்; ஒயருக்கு ஆபத்தில்லாத அளவு மின்சாரமே ஓடும். இப்போது அந்த வரிசையிலுள்ள விளக்கு, ஹாரன், மோட்டார் ஒவ்வொன்றின் கப்ளரையும் (ஒயர்கள் சேரும் இணைப்பு) கழற்றிக்கொண்டே வாருங்கள். பிறகு ஒயரிங் கட்டைக் கையால் அசைத்து வாருங்கள். சேசிஸ் துளை வழியாக ஒயர் நுழையும் இடம், பேட்டரித் தட்டின் விளிம்பு, சைலன்சர் குழாய் அருகே போகும் இடம், டிப்பர் போல் திறக்கும் பின்கதவின் கீல் ஆகியவற்றில் ஒயர் உராய்ந்து தேய்ந்திருக்கும். எங்கே அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள்.

விட்டு விட்டு வரும் கோளாற்றுக்கும் இந்த அசைத்துப் பார்க்கும் முறையே துணை. பள்ளத்தில் இறங்கியதும் எல்லாம் அணைந்து மீண்டும் உயிர் பெற்றால் பேட்டரி கிளாம்பையும், அதன்பின் சாவி சுவிட்சையும் பாருங்கள்; பத்துச் சாவிகள் கோத்த கனமான வளையம் தொங்கும் வண்டிகளில் சுவிட்சின் உள்முனைகள் சீக்கிரம் தேய்கின்றன. குடோன் அருகிலோ வைக்கோல் போர் அருகிலோ நிறுத்தும் வண்டியாக இருந்தால் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். எலி கடித்த ஒயர் ஒன்றாக இருப்பதில்லை; கண்ட ஒன்றைச் சரிசெய்துவிட்டு எழுந்துவிடாமல் கட்டு முழுவதையும் பார்க்க வேண்டும்.

ஒட்டுப் போடும் முறை

முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுத்தான் அடுத்த ஆண்டின் மர்மக் கோளாறு. நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, மழைத் தண்ணீர் உள்ளே போய், செம்பு பச்சை பூத்துவிடும். சரியான அளவு லக் அல்லது ஸ்லீவ் போட்டுக் கிரிம்பிங் பிளேயரால் அழுத்தி, மேலே சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவ் மாட்டுவது நல்லது. ஈயப் பற்று வைத்த ஒயர், பற்று முடியும் இடத்தில் விறைத்து, ஆட்டத்தில் அங்கேயே ஒடிவதுண்டு. பற்று வைத்தால் இருபுறமும் ஒயர் ஆடாதபடி கட்டிவிட வேண்டும். புதிய ஒயர் பழையதைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. நிறத்தையும் நம்ப வேண்டாம். நான்கு கை மாறிய வண்டியில் ஒரு ஒயர் கேபினில் பச்சையாகப் புறப்பட்டுப் பின்விளக்கில் மஞ்சளாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு முறை ஒயரிங்கைத் திறக்கும்போதும் எந்த நிறம் எங்கே போகிறது, எந்த ஃபியூஸ் எதற்கு என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால், உங்கள் வண்டிக்கான உண்மையான வரைபடம் அதில்தான் இருக்கும்.

டைனமோவைப் பிரிப்பது, செல்ஃப் மோட்டாரின் ஆர்மேச்சரைச் சோதிப்பது, முழு ஒயரிங்கையும் மாற்றுவது ஆகியவற்றுக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்த்தான் ஆக வேண்டும். போகும்போது “கரண்ட் பிரச்சினை, பார்த்துக் கொடுங்கள் அண்ணே” என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். “நின்ற நிலையில் 12.6, ஓடும்போது 14.1, செல்ஃப் அடித்தால் எஞ்சின் எர்த்தில் 1.8 வோல்ட் விழுகிறது, மழை பெய்தால் அதிகமாகிறது” என்று உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் டைனமோவைக் கழற்ற ஸ்பேனரைத் தேடாமல் வண்டிக்கடியில் படுப்பார்.